பழைய ஹெரால்ட் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு ‘பழைய கிளாசிக் கார் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும்’ என்பது. அது பெரிய கடல். அரை மணி நேரத்தில் கடலை நீந்த முடியாது. அதனால் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு பேசுகிறேன். ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். அதோடு அதன் தம்பியான டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார் பற்றியும் இரண்டு வார்த்தை. இதைப் பார்க்கத் தெரிந்துகொண்டால் வேறு பழைய வண்டியையும் ஓரளவு பார்க்க வந்துவிடும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். படித்தவன், இன்ஜினியர் இல்லை. வங்கியில் குமாஸ்தாவாக முப்பது வருடத்துக்கு மேல் இருந்தேன். அதில் பல வருடம் வாகனக் கடன் மேசை. ஆகவே காகிதங்கள் எனக்கு அத்துப்படி. வண்டியின் அடிப்பாகம் பற்றித் தெரிந்ததெல்லாம் பதினேழு வருடமாக ஒரு ஹெரால்டை வைத்துக்கொண்டு, மெக்கானிக் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கேட்டுக் கற்றது. பேஸ்மெண்டில் சாம்பல் நிற உறை போட்டு நிற்கிறதே, அதுதான் அந்த வண்டி.

இதை ஏன் இப்போது பேச வேண்டும்? கடந்த சில மாதங்களில் நம் குடியிருப்பிலேயே இரண்டு பேர் என்னிடம் வந்து, பழைய கார் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன் என்றார்கள். ஒருவர் பணி ஓய்வில் வந்த பணத்தில் வாங்க நினைக்கிறார். இன்னொருவர், அப்பா ஓட்டிய மாதிரி வண்டி ஒன்று வேண்டும், பேரனை அதில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட வேண்டும் என்கிறார். இரண்டும் நல்ல ஆசைதான். ஆனால் முதலாமவர் திரும்பச் சம்பாதிக்க முடியாத பணத்தைப் போடுகிறார். இரண்டாமவர் அந்த வண்டியில் ஒரு குழந்தையை உட்கார வைக்கப் போகிறார். அதனால்தான் ஆசைப்படுகிற நேரத்தில் கொஞ்சம் கணக்கும் பார்ப்போம் என்கிறேன்.

முதலில் வண்டியின் பூர்வீகம். ஹெரால்ட் 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரரான மிக்கலோட்டி. 1961 முதல் நம் சென்னையிலேயே, ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனியில் தயாரானது. வண்டலூர்ப் பக்கம் அந்தத் தொழிற்சாலை இருந்ததை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். இங்கிலாந்தில் இரண்டு கதவுதான். நான்கு கதவு வைத்தது நம் ஊருக்காக. 1970-களில் அதையே கொஞ்சம் மாற்றி ‘கெஸல்’ என்று விற்றார்கள்.

இந்த வண்டிக்கு ஒரு விசேஷம் உண்டு. அந்தக் காலத்தில் மற்ற கம்பெனிகள் உடம்பையும் சட்டத்தையும் ஒன்றாக வெல்டு செய்யும் முறைக்குப் போய்க்கொண்டிருந்தன. இவர்களுக்கு பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த நிறுவனம் போட்டிக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. அதனால் கீழே தனியாக ஒரு சேஸி, மேலே துண்டு துண்டாக போல்ட் போட்டு மாட்டும் பாடி என்று வடிவமைத்தார்கள். முன்பக்கம் முழுவதும், பானெட்டும் மட்கார்டும் சேர்ந்து, முதலை வாய் திறக்கிற மாதிரி முன்னோக்கித் திறக்கும். இன்ஜினைச் சுற்றி நின்று வேலை பார்க்கலாம். முன்சக்கரம் நன்றாக மடங்குவதால் இருபத்தைந்து அடிக்குள் வண்டி வட்டமடித்துத் திரும்பிவிடும்.

இதே சேஸியை நீளம் குறைத்து, மேலே இரண்டு பேர் உட்காரும் திறந்த பாடி வைத்ததுதான் ஸ்பிட்ஃபயர். அதையும் வரைந்தவர் மிக்கலோட்டியே. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் தயாரானது. நம் ஊரில் அபூர்வமாகத்தான் கண்ணில் படும். ஆனால் வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் சிலர் அங்கே வாங்குகிறார்கள். நான் சொல்லப் போகும் பெரும்பாலான சோதனைகள் இரண்டுக்கும் பொதுவானவை.

இனி வண்டியைப் பார்க்கப் போவோம். மாடு வாங்கப் போகிறவன் கொம்புக்குப் பூசிய வண்ணத்தைப் பார்ப்பதில்லை, பல்லைப் பிடித்துப் பார்க்கிறான். கார் வாங்கப் போகிற நாம் பெயிண்ட்டைப் பார்த்து மயங்குகிறோம். ஆகவே முதல் விதி, வண்டியைக் கீழிருந்து பாருங்கள். ஜாக்கி மட்டும் போட்டுவிட்டு அடியில் தலையை நீட்டாதீர்கள். பக்கத்தில் லிஃப்ட் இருக்கும் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். விற்கிறவர் மறுத்தால், அதுவே உங்களுக்குப் பதில்.

கீழே பார்க்க வேண்டியது சேஸி. நடுவில் இரண்டு கனமான சட்டங்கள் ஓடும். அவற்றிலிருந்து பக்கவாட்டில் கைகள் போலச் சட்டங்கள் நீளும். பாடி உட்காருவது அந்தக் கைகளின் மேல். துரு முதலில் பிடிப்பதும் அங்கேதான். ஒரு ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு ‘டிங்’ என்று ஒலிக்கும். உளுத்த இரும்பு ‘டொக்’ என்று மந்தமாகச் சொல்லும். அடிப்பாகம் முழுக்கப் புதிதாகக் கறுப்புத் தார் பூசியிருந்தால் சந்தேகப்படுங்கள். ஒரு மாதத்துக்கு முன் பூசிய தார் பெரும்பாலும் துருவைத் தடுக்க வந்ததல்ல, மறைக்க வந்தது.

ஸ்பிட்ஃபயரில் இன்னொரு விஷயம் உண்டு. அதன் சேஸியில் அந்தப் பக்கக் கைகள் இல்லை. அதனால் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பாகம், ‘சில்’ என்பார்கள், அதுதான் வண்டியின் பலத்தில் பாதியைத் தாங்குகிறது. ஹெரால்டில் அது துருப்பிடித்தால் பார்வைக்குத்தான் குறை. ஸ்பிட்ஃபயரில் துருப்பிடித்தால் முதுகெலும்பு போன மாதிரி. கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவின் ஓரத்து இடைவெளி கீழே அகலமாகவும் மேலே ஒடுங்கியும் இருந்தால், வண்டி நடுவில் தொய்ந்திருக்கிறது என்று பொருள்.

மேலே வந்தால், ஒரு சிறிய காந்தம் போதும். மெல்லிய துணியில் சுற்றி, மட்கார்டு வளைவு, கதவின் கீழ் ஓரம், ஹெட்லைட்டைச் சுற்றிய பகுதி ஆகிய இடங்களில் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இரும்புக்குப் பதில் பட்டிதான் இருக்கிறது. கொஞ்சம் பட்டி இருப்பது குற்றமில்லை. ஐம்பது வயது தாண்டிய வண்டி, டிங்கரிங் பார்க்காமல் இருக்காது. ஆனால் ஒரு சாண் அகலத்துக்குக் காந்தம் வழுக்கிக்கொண்டு போனால், விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன் யோசியுங்கள். அந்தப் பெரிய முன்மூடியின் இடைவெளிகளையும் இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் விரல் நுழைந்து, மறுபக்கம் உரசினால் எங்கோ இடித்த வண்டி.

இப்போது நான் சொல்லப் போவதை மட்டுமாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான இரும்புத் தண்டின் கீழ்முனையில் மரை இருக்கும். அது ஒரு பித்தளைக் கட்டிக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். அந்தக் கட்டிக்குப் பெயர் டிரனியன். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை அதற்குள் சுற்றுகிறது. இதற்குப் போட வேண்டியது கியர் ஆயில், 90 நம்பர். கிரீஸ் போடக் கூடாது. ஆனால் வழக்கமாக எல்லா வண்டிக்கும் கிரீஸ் கன்னால் அடித்துப் பழகிய கைகள் இதற்கும் கிரீஸையே அடித்துவிடும். கிரீஸ் மரைக்குள் சரியாகப் பரவாமல் வெளியிலேயே இறுகிவிடும். உள்ளே ஈரம் புகுந்து தண்டு அரித்துக்கொண்டே வரும். ஒரு நாள், பெரும்பாலும் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது, தண்டு மரையில் முறிந்து சக்கரம் வெளிப்பக்கமாக மடிந்துவிடும்.

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் பளபளவென்று ஒரு ஹெரால்ட் வாங்கினார். ஆறு மாதம் கழித்து, பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே திரும்பும்போது இடது சக்கரம் மடிந்து வண்டி உட்கார்ந்துவிட்டது. நடை வேகத்தில் நடந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பின்சீட்டில் அவர் மகளும் கைக்குழந்தையும் இருந்தார்கள். நெடுஞ்சாலையில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே வண்டி பார்க்கப் போகும்போது, அதைப் பராமரிக்கும் மெக்கானிக்கிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: “டிரனியனுக்கு என்ன போடுறீங்க?” கியர் ஆயில் என்று உடனே பதில் வந்தால், வண்டி நல்ல கையில் இருந்திருக்கிறது. அப்புறம் முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் அது வீல் பேரிங், சின்னச் செலவு. பிரேக் மிதித்த பிறகும் ஆட்டம் இருந்தால், டிரனியனையோ மேலே இருக்கும் பால் ஜாயின்டையோ பிரித்துப் பார்க்காமல் அந்த வண்டியை ஓட்டிப் பார்க்கக்கூட வேண்டாம்.

பின்பக்கம் போவோம். ஹெரால்டின் பின்சக்கரங்கள் தனித்தனியாக மேலும் கீழும் அசைபவை. குறுக்கே ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். வண்டிக்குப் பின்னால் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். சக்கரங்கள் மேலே உள்வாங்கி, கீழே விரிந்து, ஓட்டுக் கூரை மாதிரி நின்றால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. வண்டியை முன்னும் பின்னும் நகர்த்தும்போது ‘டக், டக்’ என்று சத்தம் வந்தால் அச்சுத் தண்டின் யூனிவர்சல் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது.

இந்த அமைப்புக்கு ஒரு குணம் உண்டு, வாங்குகிறவர் தெரிந்திருக்க வேண்டும். வளைவில் வேகமாகப் போய், நடு வளைவில் பயந்து திடீரென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால், பின்பக்கம் தூக்கி, சக்கரம் உள்ளே மடங்கி, வால் பக்கம் சறுக்கும். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு, ஒரே சீராகத் திரும்ப வேண்டும். ஸ்பிட்ஃபயரின் ஆரம்ப மாடல்களுக்கும் இது பொருந்தும். இந்தத் தொல்லை வேண்டாம் என்பவர்கள் கெஸல் தேடலாம். அதில் நம் ஊர்ப் பழக்கத்துக்கு ஏற்ப ஒரே திடமான பின்அச்சு போட்டுவிட்டார்கள்.

இன்ஜினுக்கு வருவோம். 948 சி.சி., எளிமையான இன்ஜின். நீங்கள் வரும்போது வண்டி ஆறியிருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், காலையில் கிளப்பச் சிரமப்பட்டிருக்கிறார்கள், அதை உங்களிடம் காட்ட விரும்பவில்லை. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உட்பக்கம் பாருங்கள். வெண்ணெய் திரண்ட மாதிரி வெளுப்பாக ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் ஹெட் கேஸ்கட் சந்தேகம்.

இன்னொரு சோதனை, இரண்டே நிமிடம். இன்ஜினை நிறுத்திவிட்டு, முன்மூடியைத் திறந்து, இன்ஜினின் முன்னால் இருக்கும் பெரிய புல்லியைக் கவனியுங்கள். இன்னொருவர் உள்ளே உட்கார்ந்து கிளட்சை மிதித்து மிதித்து விடட்டும். புல்லி கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு முன்னும் பின்னும் நகர்ந்தால், கிராங்க் ஷாஃப்டின் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது அல்லது கழன்று விழுந்துவிட்டது. தொடர்ந்து ஓட்டினால் இன்ஜின் பிளாக்கே வீணாகும். பிளாக் கிடைப்பது இன்று குதிரைக் கொம்பு. ஸ்பிட்ஃபயருக்கும் இந்தச் சோதனை அப்படியே பொருந்தும்.

கியர்பாக்ஸில் முதல் கியர் வண்டி நகரும்போது கரகரவென்றால் பயப்படாதீர்கள், அதில் சிங்ரோமெஷ் கிடையாது. நின்ற பிறகுதான் போட வேண்டும். ஆனால் இரண்டாவது, மூன்றாவது கியரில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டால் கியர் தானாக நழுவி வெளியே வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கியர்பாக்ஸ் பிரிக்கும் வேலை இருக்கிறது.

டயரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பழைய வண்டிகள் அதிகம் ஓடாததால் டயரின் பட்டன் புதிது போலவே இருக்கும், ரப்பர் மட்டும் கிழடாகி வெடித்திருக்கும். பிரேக் ஹோஸும் அப்படியே. வளைத்துப் பாருங்கள், கீறல் தெரிந்தால் மாற்ற வேண்டும்.

பெட்ரோல் குழாய்களையும் மறக்க வேண்டாம். இந்த வண்டி பிறந்த காலத்தில் பெட்ரோலில் ஈயம் இருந்தது, எத்தனால் இல்லை. இப்போது அது தலைகீழ். எத்தனால் பழைய ரப்பரை இளக்கும், டேங்கில் ஈரத்தைச் சேர்க்கும். டேங்கிலிருந்து கார்பரேட்டர் வரை உள்ள ரப்பர் குழாய்கள் இந்தக் காலப் பெட்ரோலுக்குத் தாங்குகிறவையா என்று கேளுங்கள். தெரியாது என்றால், வாங்கிய முதல் வாரத்திலேயே மாற்றிவிடுங்கள். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய்ச் சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்ட விடக் கூடாது.

வயரிங்கில் பாருங்கள். நிறம் நிறமாக ஒட்டுப் போட்டு, டேப் சுற்றிய வயர்கள் தொங்கினால் அதுவும் தீப்பிடிக்கும் இடம். அந்தக் காலப் பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். இன்றைய வழக்கத்துக்கு நேர்மாறு. புதிதாக ஏதாவது மாட்டுவதற்கு முன் அதைக் கவனிக்காவிட்டால், மாட்டியது புகைந்துவிடும்.

கடைசியாக, அரை மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். தெருவை ஒரு சுற்றுச் சுற்றுவது போதாது. சூடேறிய பிறகு நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பக் கிளப்புங்கள். காலியான சாலையில் பிரேக் பிடித்து, ஒரு பக்கமாக இழுக்கிறதா என்று பாருங்கள்.

வண்டி தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனிமேல் என் மேசை. இரும்பில் இருக்கும் துருவைவிடக் காகிதத்தில் இருக்கும் துரு ஆபத்தானது. இரும்பை வெட்டி ஒட்டலாம்.

ஆர்.சி.யில் உள்ள சேஸி எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியில் உள்ளதோடு நீங்களே ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள். புரோக்கர் படித்துச் சொல்ல, நீங்கள் தலையாட்டக் கூடாது. இந்த வயது வண்டிகளில் இன்ஜின் மாற்றியிருப்பது சகஜம். மாற்றியதில் தப்பில்லை, அது ஆர்.சி.யில் பதிவாகியிருக்க வேண்டும். ஆர்.சி. இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். சொந்த உபயோகக் காருக்குப் பதினைந்து வருடம், பிறகு தகுதிச் சோதனை செய்து ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். பல வருடம் புதுப்பிக்காமல் கிடந்த வண்டி என்றால் பாக்கிக் கட்டணம், பசுமை வரி எல்லாம் யார் கட்டுவது என்பதை விலை பேசும்போதே தீர்த்துக்கொள்ளுங்கள். எம்.எஸ்., எம்.டி. என்று தொடங்கும் பழைய எண்கள் கம்ப்யூட்டர் பதிவில் ஏறியிருக்கின்றனவா என்று பரிவாகன் இணையதளத்தில் பாருங்கள். ஏறாவிட்டால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஏற்றிய பிறகுதான் பெயர் மாற்றம் நடக்கும்.

அடுத்தது கடன். ஆர்.சி.யில் ஏதாவது வங்கி அல்லது பைனான்ஸ் கம்பெனி பெயர் இருக்கிறதா? எங்கள் மேசைக்கு ஒருவர் வந்தார். இருபது வருடத்துக்கு முன் கடனைக் கட்டி முடித்துவிட்டார். ஆர்.சி.யில் இருந்த பெயரை நீக்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. இப்போது வண்டியை விற்கப் போனால், கடன் கொடுத்த கம்பெனியே உலகத்தில் இல்லை. யாரிடம் போய்க் கையெழுத்து வாங்குவது? மாதக்கணக்கில் அலைந்தார். அந்த அலைச்சல் உங்களுக்கு வர வேண்டாம். கடன் தீர்ந்த சான்றும் 35-ஆம் படிவமும் கொடுத்து, பெயர் நீங்கிய ஆர்.சி.யைக் காட்டிய பிறகே முழுப் பணம்.

பெயர் மாற்றத்துக்கு 29, 30 படிவங்கள். வேறு மாநில வண்டி என்றால் அங்கிருந்து 28-ஆம் படிவத்தில் தடையில்லாச் சான்று. ஆர்.சி.யில் உள்ளவர் இறந்துவிட்டார், மகன் விற்கிறார் என்றால் கவனம். முதலில் வாரிசு 31-ஆம் படிவம் கொடுத்துத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டும். ‘அப்பா கையெழுத்து போட்ட படிவம் இருக்கு சார்’ என்று யாராவது நீட்டினால், எழுந்து வந்துவிடுங்கள்.

இங்கே விற்கப் போகிறவர்களும் இருப்பீர்கள். உங்களுக்கும் ஒரு வார்த்தை. கணவர் விற்ற காருக்காக, அவர் இறந்த பிறகு விபத்து வழக்கு நோட்டீஸ் வந்து, கையில் காகிதத்தோடு எங்கள் கவுன்ட்டரில் நின்ற ஒரு அம்மாளை எனக்குத் தெரியும். வாங்கியவர் பெயர் மாற்றவே இல்லை. ‘நாங்க வித்து அஞ்சு வருஷம் ஆச்சுங்க’ என்று அவர் சொன்னார். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் விற்றவர் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஒப்படைக்கும் ரசீதில் தேதியோடு மணியையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. வங்கி மூலம் மட்டும் கொடுங்கள். முன்பணம் சிறிதாக இருக்கட்டும். அதற்கும் சேஸி எண் எழுதிய ரசீது வாங்குங்கள். என் சொந்தக் கணக்கு ஒன்று சொல்கிறேன். வண்டியின் விலை எவ்வளவோ, அதில் பாதியை முதல் வருட வேலைக்கென்று தனியாக எடுத்து வைக்க முடிந்தால் மட்டும் வாங்குங்கள். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பணமில்லை என்று நிற்கக் கூடாது. பணி ஓய்வுப் பணத்தில் மாத வருமானத்துக்கென்று வைத்திருக்கும் டெபாசிட்டை இதற்காக உடைக்கவே உடைக்காதீர்கள்.

50 வயது தாண்டிய, பெரிதாக மாற்றம் செய்யாத வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்ய 2021-இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய் என்று அப்போது கட்டணம் வைத்தார்கள். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, ரேலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். தினசரி ஓட்டக் கூடாது. பேரனைப் பள்ளியில் விட நினைப்பவர் இதை யோசித்துத்தான் பதிய வேண்டும்.

இன்சூரன்ஸில் மூன்றாம் நபர் பாலிசி கட்டாயம். வண்டிக்கான காப்பீட்டையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். ஐந்து வருடம் தாண்டிய வண்டியின் மதிப்பை நீங்களும் கம்பெனியும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். போட்டோவும் பில்களும் கையில் இருந்தால் பேச வசதி.

நம் குடியிருப்புக்கென்று மூன்று விஷயம். ஒன்று, பழைய வண்டி ஆயில் சொட்டும். கீழே தட்டு வையுங்கள். பக்கத்து இடத்துக்காரர் காலையில் வழுக்கி விழக் கூடாது. இரண்டு, மூடிய பேஸ்மெண்டில் இன்ஜினை ஓடவிட்டு டியூனிங் பார்க்க வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குழந்தைகள் அங்கேதான் சைக்கிள் ஓட்டுகிறார்கள். வெளியே தள்ளிக்கொண்டு வந்து பாருங்கள், கூப்பிட்டால் நானும் தள்ள வருகிறேன். மூன்று, வண்டி நிற்கும்போது பேட்டரி இணைப்பைக் கழற்றி விடுங்கள். தீயணைப்பான் ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும்.

அந்த இரண்டாவது நண்பருக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். அப்பாவின் வண்டி என்று நாம் தேடுவது அப்பாவின் வண்டி இல்லை. அதே நிறத்தில் யாரோ ஒருவர் ஓட்டிய, யாரோ ஒருவர் கிரீஸ் அடித்த வேறு வண்டி. பாசத்தோடு வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஐம்பது வருடத்துக்கு முந்தைய வண்டியில் ஏர்பேக் கிடையாது, பெரும்பாலும் பின்சீட்டில் பெல்ட்டும் கிடையாது. பேரனை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை காலியான சாலையில் ஒரு சுற்றுப் போய் வாருங்கள். பள்ளிக்கூடத்துக்குப் புது வண்டியிலேயே போகட்டும்.

வாங்க முடிவு செய்தவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் ஆர்.சி. நகலை என்னிடம் காட்டுங்கள். மாலை நடைப்பயிற்சி முடிந்து ஆறரை மணிக்கு மேல் பி பிளாக் பெஞ்சில்தான் இருப்பேன். காந்தமும் டார்ச்சும் என்னிடம் உண்டு, இரவல் தருகிறேன். வாங்காமல் திரும்பி வந்தாலும் வருத்தப்படாதீர்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்த வண்டிக்கு யாரும் செலவு செய்ததில்லை.